‘அப்பவே சொன்னேன்ல!’: மர்மத் தொடரின் ட்விஸ்ட்டை நீங்கள் முன்கூட்டியே கண்டுபிடித்தால் அது யாருக்குத் தோல்வி?

இரவு ஒன்றரை மணி. காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தும், ‘இந்த ஒரு எபிசோடு மட்டும்’ என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். கடைசிக் காட்சியில், துளியும் சந்தேகப்படாத ஒருவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தெரியவருகிறது. திரை இருட்டாகிறது.

அந்த நொடியில் உங்கள் மனதில் இரண்டு குரல்களில் ஒன்று கேட்கும். ‘அடச்சே, கண்ணு முன்னாடியே இருந்துச்சே, எப்படி விட்டேன்!’ என்பது முதல் குரல். ‘இதெல்லாம் ஏமாத்து வேலைப்பா’ என்பது இரண்டாவது.

இரண்டுமே அதிர்ச்சிதான். ஆனால் முதல் குரல் கேட்டால் நண்பர்கள் எல்லோரையும் அந்தத் தொடரைப் பார்க்கச் சொல்வீர்கள். இரண்டாவது கேட்டால், செலவழித்த எட்டு மணி நேரத்தை நினைத்து எரிச்சல் வரும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? யாருமே ஊகிக்க முடியாத ட்விஸ்ட்தான் நல்ல ட்விஸ்ட்டா? ரசிகர்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டால் கதை எழுதியவர்கள் தோற்றுவிட்டார்களா?

ஐந்து பிரபலமான தொடர்களை வைத்து இதைப் பார்ப்போம். முன்னெச்சரிக்கை: டாலஸ், ட்வின் பீக்ஸ், லாஸ்ட், வெஸ்ட்வேர்ல்ட், டார்க் ஆகியவற்றின் ரகசியங்கள் இதில் வெளிப்படையாக வருகின்றன. இவற்றில் எதையாவது இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால், பார்த்துவிட்டு வாருங்கள். தமிழ்த் தொடர்களின் முடிவு எதையும் இங்கே சொல்லவில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஒரு தொடர் உங்களிடம் கேள்வி கேட்ட நாளுக்கும், பதில் சொன்ன நாளுக்கும் இடையே எவ்வளவு காலம்?

• டாலஸ்: 1980 மார்ச் 21 முதல் நவம்பர் 21 வரை. 245 நாட்கள்.
• ட்வின் பீக்ஸ்: 1990 ஏப்ரல் 8 முதல் நவம்பர் 10 வரை. 216 நாட்கள்.
• லாஸ்ட்: 2004 செப்டம்பர் 22 முதல் 2010 மே 23 வரை. 5 ஆண்டு 8 மாதம்.
• வெஸ்ட்வேர்ல்ட் முதல் சீசன்: 2016 அக்டோபர் 2 முதல் டிசம்பர் 4 வரை. 63 நாட்கள்.
• டார்க்: 2017 டிசம்பர் 1 முதல் 2020 ஜூன் 27 வரை. கிட்டத்தட்ட 2 ஆண்டு 7 மாதம்.

இந்த நாட்களில் ரசிகர்கள் சும்மா இருப்பதில்லை. காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். ஒரு மர்மத் தொடர் வாங்கும் விலை உங்கள் சந்தா பணம் மட்டும் அல்ல, இந்த யோசனை நேரமும்தான். அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

பதிலே இல்லாமல் கேட்ட கேள்வி

அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் ஓடிய டாலஸ் அடிப்படையில் துப்பறியும் தொடர் அல்ல. எண்ணெய்ப் பணக்காரக் குடும்பத்தின் சொத்துச் சண்டை. நம் ஊர் மெகா சீரியலின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980 மார்ச்சில், எல்லோரும் வெறுக்கும் ஜே.ஆர். என்ற பாத்திரத்தை யாரோ சுட்டுவிட, சீசன் அதோடு முடிந்தது. சுட்டவர் யார்?

சேனல் கூடுதல் எபிசோடுகள் கேட்டதால் அவசரமாகச் சேர்த்த திருப்பம் அது. ‘முதலில் சுட்டுவிடுவோம், யார் சுட்டது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதுதான் எழுத்தாளர்களின் நிலைமை. நடிகர்களின் வேலைநிறுத்தத்தால் அடுத்த சீசனும் தள்ளிப்போனது. பிரிட்டனில் சூதாட்ட நிறுவனங்கள் இதற்குப் பந்தயம் கட்ட வைத்தன. ரகசியம் கசியாமல் இருக்க, வெவ்வேறு நடிகர்கள் ஜே.ஆரைச் சுடுவதுபோலப் பல காட்சிகளை எடுத்து வைத்தார்கள்.

நவம்பர் 21 அன்று பதில் வந்தது. சுட்டது ஜே.ஆரின் மனைவியின் தங்கை கிறிஸ்டின். அன்று அமெரிக்காவில் சுமார் 8.3 கோடிப் பேர் பார்த்ததாக மதிப்பீடு. அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 22.6 கோடி. மூன்றில் ஒருவருக்கும் மேல்!

வியாபாரமாகப் பார்த்தால் பிரமாண்ட வெற்றி. புதிராகப் பார்த்தால்? பல பேரைச் சுடவைத்துப் படம் எடுத்து, அதில் எதை வேண்டுமானாலும் பதிலாக ஒட்டலாம் என்றால், பார்வையாளர் ஊகிப்பதற்கு அடிப்படையே கிடையாது. அது குலுக்கல் சீட்டு. குலுக்கல் சீட்டில் ஜெயித்தால் ‘எனக்கு அதிர்ஷ்டம்’ என்று சொல்லலாம், ‘எனக்கு மூளை’ என்று சொல்ல முடியாது.

பதில் சீக்கிரம் வந்ததால் செத்த தொடர்

பத்து ஆண்டுகள் கழித்து ஏபிசி சேனலில் ட்வின் பீக்ஸ் வந்தது. டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கியது. ஒரு சிறு ஊரின் ஆற்றங்கரையில் லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் உடல், பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்டுக் கிடக்கிறது. கொன்றது யார்? முதல் எபிசோடை 3.46 கோடிப் பேர் பார்த்தார்கள்.

இந்தக் கேள்விக்கு அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லும் எண்ணம் லிஞ்சுக்கு இல்லை. லாராவின் மரணம் கதைக்குள் நுழையும் வாசல், ஊரின் ரகசியங்கள்தான் வீடு என்பது அவர் நினைப்பு. ஆனால் சேனல் நெருக்கியது. மக்கள் பொறுமை இழக்கிறார்கள், பதிலைச் சொல்லுங்கள் என்றது. மொத்தம் 30 எபிசோடுகளில் சரியாக 15-ஆவதில், கொலையாளி லாராவின் அப்பா லீலண்ட் என்பதும், அவருக்குள் ‘பாப்’ என்ற தீய சக்தி குடியிருப்பதும் வெளிவந்தது. அதன் பிறகு பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. 1991 ஜூனில் தொடர் முடிந்தது. பொன் முட்டையிடும் வாத்தை அறுத்துவிட்டோம் என்ற பொருளில் லிஞ்ச் பின்னாளில் வருந்திப் பேசினார்.

இதில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. பாப் என்ற பாத்திரமே தற்செயலாகப் பிறந்தது. ஃப்ராங்க் சில்வா என்பவர் படப்பிடிப்புத் தளத்தில் அரங்கப் பொருட்களை அடுக்கும் வேலையில் இருந்தவர். ஒரு காட்சியில் தவறுதலாகக் கண்ணாடியில் அவர் பிம்பம் பதிந்துவிட்டது. வேறு இயக்குநராக இருந்தால் ‘ஒன் மோர்’ சொல்லியிருப்பார். லிஞ்ச் அதை அப்படியே வைத்துக்கொண்டு, சில்வாவையே பாப் ஆக்கினார்.

ஆக, எல்லாமே முதல் நாளிலேயே தீட்டிய திட்டமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடுவழியில் கிடைத்ததையும் கதையின் எலும்போடு சேர்த்துத் தைத்துவிட்டால் போதும். தைக்காமல் மேலே ஒட்டினால்தான் பிரச்சினை.

நேர்மையான ஆட்டம் என்றால் என்ன?

இந்தக் கேள்வி தொலைக்காட்சியைவிடப் பழையது. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். இவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும்கூட. அவற்றில் மூன்று இன்றைய ஓடிடி தொடர்களுக்கும் அப்படியே பொருந்தும். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும். முன்கூட்டித் தயார்ப்படுத்தாமல் இரட்டையர்களைக் கொண்டுவந்து இறக்கக் கூடாது.

மூன்றாவது விதியைப் படித்துவிட்டு நம் இந்திய சீரியல்களை நினைத்து நீங்கள் சிரித்தால், அதற்கு நான் பொறுப்பல்ல.

இந்த விதிகளின் சாரம் ஒன்றுதான். பார்வையாளரும் விளையாடலாம், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே சீட்டுக்கட்டு. மறைப்பது தவறல்ல, இல்லாததைக் கடைசியில் கொண்டுவந்து வைப்பதுதான் தவறு.

முதல் எபிசோடிலேயே பதில் சொன்ன தொடர்

நெட்ஃபிளிக்ஸின் முதல் ஜெர்மன் மொழித் தொடரான டார்க் இதற்கு நல்ல உதாரணம். உருவாக்கியவர்கள் பாரன் போ ஓடார், யான்டியே ஃப்ரீஸ. மூன்று சீசன்கள்: 10, 8, 8 என மொத்தம் 26 எபிசோடுகள். இதைப் பார்த்தபோது நான் பக்கத்தில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து வைத்திருந்தேன். நீங்கள் நோட்டுப் புத்தகத்தில் வம்சாவளி வரைந்திருக்கலாம். இரண்டும் ஒரே வியாதிதான்.

விண்டன் என்ற கற்பனை ஊரில் 2019 நவம்பர் 4 இரவு மிக்கேல் என்ற சிறுவன் காணாமல் போகிறான். ‘அவனை யார் கடத்தினார்கள், எங்கே இருக்கிறான்?’ என்று ஊரே தேடுகிறது, நாமும் தேடுகிறோம். ஐந்தாவது எபிசோடில்தான் முழு விஷயமும் புரிகிறது. அவன் இருக்கும் இடம் அதே ஊர்தான், ஆண்டுதான் வேறு: 1986. அங்கேயே வளர்ந்து, மிக்கேல் என்ற பெயர் மைக்கேல் ஆகி, திருமணம் செய்து, கதாநாயகன் யோனாஸின் அப்பா ஆகிவிட்டான். அப்படியானால் யோனாஸ் காதலிக்கும் மார்த்தா, மிக்கேலின் அக்கா. அதாவது யோனாஸுக்கு அத்தை!

இப்போது முதல் எபிசோடுக்குத் திரும்புங்கள். தொடக்கத்திலேயே யோனாஸின் அப்பா ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு இறந்துபோகிறார். நவம்பர் 4 இரவு 10:13-க்கு முன் பிரிக்கக் கூடாது என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. சிறுவன் காணாமல் போகும் தேதி அது! அதே எபிசோடில் அந்தச் சிறுவன் காலைச் சாப்பாட்டு மேசையில் மேஜிக் செய்து காட்டுகிறான். எப்படிச் செய்தாய் என்று அப்பா கேட்கிறார். ‘எப்படி’ என்பது கேள்வி அல்ல, ‘எப்போது’ என்பதுதான் கேள்வி என்ற அர்த்தத்தில் பதில் சொல்கிறான்.

தொடரின் மொத்த ரகசியத்தையும் ஒரு சின்னப் பையன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். நாம்தான் அதைக் குழந்தைப் பேச்சு என்று கடந்துபோனோம். ஏனென்றால், ‘குழந்தை காணவில்லை’ என்றதும் நம் மனம் தானாகவே ‘எங்கே’ என்றுதான் தேடும். நல்ல ட்விஸ்ட் தடயத்தை ஒளித்து வைப்பதில்லை. அதைத் திறந்த வெளியில் வைத்துவிட்டு, நம்மைத் தவறான கேள்வி கேட்க வைக்கிறது.

ரசிகர்களையும் இவர்கள் எதிரியாக நினைக்கவில்லை. கதையில் உலகம் அழியும் நாள் 2020 ஜூன் 27. கடைசி சீசனை அதே தேதியில் வெளியிட்டார்கள். எந்த எபிசோடு வரை பார்த்தீர்கள் என்று கேட்டு, அதுவரைக்கான உறவுமுறைகளை மட்டும் காட்டும் ஒரு வழிகாட்டி இணையதளத்தையும் நெட்ஃபிளிக்ஸ் வைத்தது. ‘நீங்கள் குழம்புவீர்கள் என்று தெரியும், கூடவே வாருங்கள்’ என்பதுபோல.

எட்டு வாரம் முன்பே உடைந்த ரகசியம்

சரி, தடயங்களை நேர்மையாக வைத்து, ரசிகர்களும் கண்டுபிடித்துவிட்டால்? எச்பிஓவின் வெஸ்ட்வேர்ல்டுக்கு நடந்தது அதுதான்.

மனிதர்களைப் போலவே இருக்கும் ரோபோக்கள் நிறைந்த ஒரு கேளிக்கைப் பூங்கா. அங்கே வில்லியம் என்ற மென்மையான இளைஞன் வருகிறான். அதே பூங்காவில் கறுப்பு உடையில் ஒரு கொடூரமான முதியவர் திரிகிறார். இருவரும் ஒரே ஆள், இடையில் 30 ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதுதான் பத்தாவது எபிசோடில் உடையும் ரகசியம். ரோபோக்களுக்கு வயது ஏறாது. எனவே அவை வரும் காட்சிகளை வைத்து எந்தக் கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அழகான ஏற்பாடு.

ஆனால் வில்லியம் அறிமுகமான இரண்டாவது எபிசோடு முடிந்ததுமே இணையத்தில் இந்த ஊகம் கிளம்பிவிட்டது. வில்லியம் வரும் காட்சிகளில் பூங்காவின் சின்னம் ஒரு மாதிரியும், மற்ற காட்சிகளில் வேறு மாதிரியும் இருப்பதைக் கவனித்துப் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். இறுதி எபிசோடுக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது.

இரண்டாவது சீசன் வருவதற்கு முன், 2018 ஏப்ரலில் உருவாக்குநர்கள் ஜோனதன் நோலனும் லிசா ஜாயும் ஒரு வேடிக்கை செய்தார்கள். ரசிகர்கள் விரும்பினால் சீசனின் முழுக்கதையையும் இப்போதே வீடியோவாகச் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். ரசிகர்களும் ஆதரவு தெரிவிக்க, வீடியோ வந்தது. திறந்து பார்த்தால், கதாநாயகி பாட்டுப் பாடி எல்லோரையும் ஏப்ரல் முட்டாள் ஆக்கியிருந்தார். பிறகு பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு நாய்.

நகைச்சுவைதான். ஆனால் பின்னால் இருக்கும் பதற்றம் உண்மையானது. லட்சம் கண்கள் ஒரே காட்சியை உற்றுப் பார்க்கும்போது எழுத்தாளர் எதைத்தான் ஒளிக்க முடியும்? அடுத்தடுத்த சீசன்களில் காலவரிசை இன்னும் சிக்கலாகிக்கொண்டே போனது. பார்வையாளர்கள் குறைந்தார்கள். நான்காவது சீசனோடு 2022-இல் தொடர் நிறுத்தப்பட்டது. சிக்கல் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் சீசனின் ரகசியத்தை முன்பே அறிந்தவர்கள்கூடக் கடைசிவரை விடாமல் பார்த்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அவர்களுக்கு ‘அவன்தான் இவனா’ என்பதைவிட, ‘அந்த நல்லவன் எப்படி இவ்வளவு கெட்டவன் ஆனான்’ என்பது பெரிய கேள்வியாகிவிட்டது.

எல்லா ஊகமும் கண்டுபிடிப்பு அல்ல

இங்கே ஒரு எண் விளையாட்டு. ஒரு தொடரில் சந்தேகப்பட 10 பேர் இருக்கிறார்கள். 10,000 பார்வையாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒருவரைச் சொல்கிறார்கள். தற்செயலாகவே சுமார் 1,000 பேர் சொன்னது சரியாக இருக்கும். முடிவு வந்ததும் அந்த 1,000 பேரும் ‘நான்தான் சொன்னேனே’ என்பார்கள். மற்ற 9,000 பேர் சத்தமில்லாமல் இருந்துவிடுவார்கள். ‘எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருச்சு’ என்ற தோற்றம் இப்படித்தான் உருவாகிறது.

ஊகங்கள் மூன்று வகை. ஒன்று, இந்தக் குருட்டு ஊகம். இரண்டாவது, கதைக்கு வெளியே இருந்து வருவது. எங்கள் வீட்டில் அம்மாவின் முறை இது: “இவ்ளோ பெரிய நடிகரை சும்மா ரெண்டு சீனுக்கா கூப்பிட்டிருப்பாங்க? அவன்தான்டா.” பத்தில் ஏழெட்டு முறை அவர் சொல்வதுதான் சரி என்பது எனக்குக் கடுப்பான விஷயம். ஆனால் அது நடிகர் தேர்வைப் படித்தது, கதையைப் படித்தது அல்ல.

மூன்றாவதுதான் வெஸ்ட்வேர்ல்ட் ரசிகர்கள் செய்தது. கதைக்குள் இருந்த தடயத்தை எடுத்து, ‘இதனால் இது’ என்று காரணம் சொல்வது. இது சாத்தியமானது என்றால் எழுத்தாளர் நேர்மையாக ஆடியிருக்கிறார் என்று அர்த்தம். அவருக்குத் தோல்வி இல்லை, சான்றிதழ்.

‘அப்பவே தெரியும்’ – உண்மையிலேயே தெரியுமா?

இன்னொரு சிக்கல் நம் பக்கம் இருக்கிறது. முடிவு தெரிந்தபின், ‘எனக்கு முன்னாடியே டவுட் இருந்துச்சு’ என்று தோன்றுவது பொய் அல்ல. மூளை உண்மையிலேயே நம்மை அப்படி நம்ப வைக்கிறது.

1975-இல் உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் ஒரு ஆய்வு வெளியிட்டார். அதில் பயன்படுத்தியது நம் பக்கத்து வரலாறு: பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் 19-ஆம் நூற்றாண்டில் நடந்த போர். அதுபற்றிய ஒரு விவரிப்பைப் பலருக்குப் படிக்கக் கொடுத்தார். சிலருக்கு மட்டும் ‘முடிவு இதுதான்’ என்று ஏதாவது ஒன்றைச் சொன்னார். ஆளுக்கு ஆள் வேறு வேறு முடிவு. பிறகு, முடிவு தெரியாதவர்போல நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கேட்டார். எந்த முடிவைச் சொல்லியிருந்தாரோ, அதற்குத்தான் முதலிலிருந்தே வாய்ப்பு அதிகம் இருந்தது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அடுத்த முறை மர்மத் தொடர் பார்க்கும்போது, பாதியில் நிறுத்தி, போன் நோட்ஸில் இரண்டு வரி எழுதுங்கள்: யார், ஏன். ‘ஏன்’ என்ற வரி முக்கியம். முடிவு வந்ததும் திறந்து பாருங்கள். நான் செய்துபார்த்தேன். என் ‘அப்பவே சொன்னேன்’களில் பாதி, நான் சொல்லவே இல்லாதவை.

பதில் கொடுத்தும் புரியாமல் போன கதை

லாஸ்ட் இல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. விமான விபத்தில் ஒரு மர்மத் தீவில் சிக்கியவர்களின் கதை. அதில் 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வரும். கூட்டினால் 108. தீவின் பதுங்கு அறையில் 108 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்களைத் தட்ட வேண்டும். ரசிகர்கள் பைத்தியம் ஆனார்கள்.

மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடு இன்றும் ட்விஸ்ட்டுக்கு இலக்கணம். அதுவரை தொடர் நமக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தது: தீவுக்கு வெளியே நடக்கும் காட்சி என்றால் அது கடந்த காலம். அந்த எபிசோடின் கடைசியில், நாம் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்காலம் என்று தெரிகிறது. ஒரு காட்சியில் வரும் சவ அடக்க நிலையத்தின் பெயர்ப் பலகையில் ‘ஹாஃப்ஸ் டிராலர்’ என்று இருக்கும். ஆங்கிலத்தில் அந்த 12 எழுத்துகளையும் மாற்றி அடுக்கினால் ‘ஃபிளாஷ் ஃபார்வேர்ட்’ என்று வரும். பதிலையே பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள்!

ஆனால் அந்தத் தொடருக்கு வேறொரு நோய் இருந்தது. எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. பார்ப்பவர்கள் இருக்கும்வரை சேனல் ஓட்டும், எனவே பதில்களைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2007 மே மாதத்தில்தான் ஏபிசி முடிவுத் தேதியை ஒப்புக்கொண்டது: இன்னும் 48 எபிசோடுகள், 2010-இல் முடிவு. எழுத்தாளர்கள் இறுதியை நோக்கி நடக்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

கடைசி எபிசோடை அமெரிக்காவில் சுமார் 1.35 கோடிப் பேர் பார்த்தார்கள். ‘அப்போ எல்லாரும் முதல் விபத்திலேயே செத்துட்டாங்களா?’ என்று பலர் இன்றும் கேட்கிறார்கள். இல்லை. தீவில் நடந்தது எல்லாம் உண்மை என்று கதையே வசனத்தில் சொல்கிறது. பிறகு ஏன் குழப்பம்? முக்கியமான காரணங்களில் ஒன்று கதையில் இல்லாத ஒரு விஷயம். உணர்ச்சிகரமான முடிவிலிருந்து நேராகச் செய்திக்குப் போகாமல் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும் என்று, யாருமே இல்லாத விமானச் சிதைவுகளின் காட்சியைப் பெயர்ப் பட்டியலோடு சேனல் சேர்த்தது. ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு காட்சியையும் தடயமாகப் பார்க்கப் பழகிய ரசிகர்கள், அதையும் தடயமாகவே படித்தார்கள். மர்மத் தொடரில் ‘சும்மா’ ஒரு காட்சி என்று எதுவும் கிடையாது.

‘அடுத்த எபிசோடு 5 விநாடிகளில்’

இந்தியாவில் நாம் மர்மத்தைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. 1998 முதல் 2018 வரை 1,500-க்கும் அதிகமான எபிசோடுகள் ஓடிய இந்தி சிஐடியில் புதிர் பெரும்பாலும் அன்றிரவோ அடுத்த நாளோ தீர்ந்துவிடும். 1990-களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ வேறு ரகம். இரவில் குதிரையில் வருவது தெய்வமா, மனிதரா என்று ஒவ்வொரு வாரமும் காத்திருந்தோம். பள்ளியில், டீக்கடையில், பேருந்தில் அதுதான் பேச்சு.

2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வந்த ‘சுழல்’ 8 எபிசோடுகளும் ஒரே நாளில், 30-க்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியாயின. அதே ஆண்டு டிசம்பரில் ‘வதந்தி’, அதுவும் 8 எபிசோடுகள், ஒரே நாளில். புதிருக்கும் விடைக்கும் இடையே முன்பு ஒரு வாரம் இருந்தது. இப்போது இருப்பது திரை மூலையில் எண்ணும் சில விநாடிகள். யோசிக்கும் நேரத்தை அந்தப் பொத்தான் எடுத்துக்கொள்கிறது. மறுநாள் காலை அலுவலகத்தில் ஒருவர் மூன்றாவது எபிசோடிலும் இன்னொருவர் எட்டாவதிலும் இருப்பதால், சேர்ந்து குழம்புவதும் முடிவதில்லை.

ஸ்பாய்லர் பயம் இவ்வளவு பெருகியதற்கும் இதுவே காரணம். ஆனால் ஸ்பாய்லர் உண்மையிலேயே கெடுக்கிறதா? சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 12 சிறுகதைகளை வைத்து நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள் கதையைச் சற்று அதிகமாகவே ரசித்ததாக அது சொன்னது. 2015-இல் வந்த வேறொரு ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. ஆக, ஆய்வுகளுக்குள் சண்டை தீரவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: நல்ல கதைக்கு முடிவைத் தவிர வேறு பலமும் இருக்கும். முடிவு தெரிந்ததும் பார்க்க ஒன்றுமே இல்லை என்றால், அங்கே முதலிலிருந்தே ஒன்றும் இல்லை.

அப்படியானால் எப்படி மதிப்பிடுவது?

அடுத்த முறை ஒரு ட்விஸ்ட் உங்களைத் தூக்கிப் போட்டால், மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. தடயம் எனக்குக் காட்டப்பட்டதா? கடைசி எபிசோடில் திடீரென்று முளைத்த டைரி, சிசிடிவி பதிவு, இரட்டைப் பிறவி எல்லாம் கணக்கில் வராது.

2. இந்த ட்விஸ்ட் தெரிந்தபின், முன்பு பார்த்த காட்சிகளுக்குப் புது அர்த்தம் கிடைக்கிறதா? அல்லது அந்த ஒரு நொடி அதிர்ச்சி மட்டும்தானா?

3. ரகசியம் உடைந்த பிறகும் இந்த மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குக் கவலை இருக்கிறதா?

மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால், நீங்கள் முன்பே கண்டுபிடித்திருந்தாலும் சரி, கடைசிவரை ஏமாந்திருந்தாலும் சரி, உங்கள் நேரத்துக்கு அந்தத் தொடர் மரியாதை கொடுத்திருக்கிறது. மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், ‘எப்படி ஊகிக்காமல் போனேன்’ என்று உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அங்கே ஊகிக்க எதுவுமே வைக்கப்படவில்லை.

கடைசியாக ஒரு சோதனை, செலவு ஒரு மணி நேரம்தான். உங்களுக்குப் பிடித்த மர்மத் தொடரின் கடைசி எபிசோடு முடிந்ததும், உடனே முதல் எபிசோடை மறுபடி போடுங்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னப் பையன் மேஜிக் செய்துகொண்டிருப்பான். இந்த முறை அவன் சொல்வது உங்களுக்குக் கேட்கும்.